தம்பி எந்தச் சிறையில்?

காலை ஒன்பது மணிக்கெல்லாம் புழல் சிறை வாசலில் கைதிகளைச் சந்திக்க மனு போட வந்தவர்கள் கூடிவிடுகிறார்கள். கையில் ஆதார் நகல், இடுப்பில் குழந்தை, தோளில் துணிப்பை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த பழைய மத்திய சிறைக்குப் பதிலாக 2006-ல் இங்கே வந்த வளாகம் இது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சிறைபோலத் தெரியும். உள்ளே மூன்று சிறைகள் இருக்கின்றன: தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியாக ஒன்று. தங்கள் ஆள் எதில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டுதான் மனு போட முடியும்.

கைதானவரைப் பற்றி இணையத்தில் வரும் தகவலை ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிச் சரிபார்க்கிறது என்று பார்க்கப் போயிருந்தேன். அங்கேதான் அந்த அக்காவைச் சந்தித்தேன். ஐம்பதை ஒட்டிய வயது. வீட்டுவேலை செய்கிறார். முந்தாநாள் மாலை ஓர் அடிதடி வழக்கில் அவருடைய தம்பியைப் போலீஸ் அழைத்துப்போயிருக்கிறது. மறுநாள் இரவு வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு உள்ளூர்ச் செய்தி வீடியோவை அனுப்பியிருந்தார்கள். மூவர் கைது, புழல் சிறையில் அடைப்பு என்று அதில் ஓடியது.

“இதுலயே போட்ருக்காங்க தம்பி, இங்கதான் இருக்கான்னு” என்று போனை என்னிடம் நீட்டினார்.

விசாரணைச் சிறைப் பக்கம் இருந்த காவலர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “அந்தப் பேர்ல நேத்து யாரும் வரலம்மா. அப்பா பேரு என்ன? எந்த ஸ்டேஷன்? குற்ற எண் தெரியுமா?”

அப்பா பெயர் மட்டும் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கின்றன. நம் ஊரில் ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ளவர்கள் ஏராளம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு நாலு எழுத்துக்கூட்டல் வரும். போலீஸ் பதிவில் ‘என்கிற’ போட்டு, தெருவில் கூப்பிடும் பெயரும் சேர்ந்துகொள்ளும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் யாரோ ஒருவரின் கொலை வழக்கு நம் வீட்டுப் பிள்ளையின் தலையில் ஏறிவிடக்கூடும். தகப்பன் பெயர், வயது, காவல் நிலையம், குற்ற எண் ஆகிய நான்கும் பொருந்தினால்தான் அது நம் ஆள்.

வாசலுக்கு வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அக்காவின் போனிலேயே தேடிப் பார்த்தோம். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ஈ-பிரிசன்ஸ் தளத்தில் ‘இ-முலாகாத்’ என்ற பகுதி இருக்கிறது. நேரில் பார்க்கவோ வீடியோவில் பேசவோ அங்கே பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அந்தப் படிவம் மாநிலம், சிறை, கைதியின் பெயர், அவருடைய தகப்பன் பெயர் என்று நம்மிடம்தான் கேட்கிறது. எந்தச் சிறை என்றே தெரியாதவருக்கு அந்த இடத்தில் அது உதவாது.

அதே தேடலில் இன்னொரு தளமும் வந்தது. அரசுச் சின்னம் மாதிரி ஒரு படம் போட்டு, கைதியின் விவரம் வேண்டுமானால் பணம் கட்டச் சொன்னது. முகவரியின் கடைசியில் ஜிஓவி.இன் என்றோ என்ஐசி.இன் என்றோ இல்லை. “நூறு ரூவாதானே தம்பி, கட்டிட்டா சொல்லிடுவாங்களா?” என்றார் அக்கா. வேண்டாம் என்று போனை வாங்கி மூடினேன். கூடப்பிறந்தவன் எங்கே என்று தவிக்கிறவரிடம் பறிக்கும் நூறு ரூபாயைவிட அசிங்கமான வருமானம் எனக்குத் தெரியாது. கைது என்ற பேச்சை எடுத்துப் போனில் பணம் கேட்கும் கூட்டமும் இருக்கிறது. ஏமாந்தவர்கள் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930.

பிறகு சரியான வழிக்குத் திரும்பினோம். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கட்டுப்பாட்டு அறை இருக்க வேண்டும், ஒவ்வொரு நிலையத்திலும் உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழே உள்ள ஏ.எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத ஒருவர், கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும்; அவற்றை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

எந்தக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிடுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2022-லிருந்து சென்னை, ஆவடி, தாம்பரம் என்று மூன்று ஆணையரகங்கள். அவற்றைத் தாண்டினால் மாவட்டக் காவல். வீடு இருக்கும் ஏரியாவை வைத்து முடிவு செய்யக் கூடாது, சம்பவம் நடந்த இடம்தான் கணக்கு. தம்பி வேலைக்குப் போன இடம் நகருக்கு வெளியே என்று அக்கா சொன்ன பிறகுதான் வழி பிடிபட்டது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் பேசியவர் உறவுமுறையைக் கேட்டுவிட்டு, நிலையத்தின் பெயரையும் குற்ற எண்ணையும் சொன்னார்.

குற்ற எண் கிடைத்ததும் தமிழ்நாடு காவல்துறை இணையச் சேவையில் முதல் தகவல் அறிக்கையை எடுத்தோம். எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016-ல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. பாலியல் குற்றங்கள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. இந்த அறிக்கையில் தம்பியின் பெயர் இல்லை. ‘பெயர் தெரியாத மூன்று நபர்கள்’ என்று இருந்தது. அக்காவின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அந்த நம்பிக்கையைக் கலைப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. புகார் வந்த நேரத்தில் தெரிந்ததுதான் எஃப்.ஐ.ஆரில் இருக்கும். அதன்பின் யார் கைதானார் என்பது அதில் வராது. நீதிமன்ற வழக்குகளைத் தேடும் ஈ-கோர்ட்ஸ் தளத்திலும் குற்ற எண்ணைப் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்படும் முன் வழக்கு எண் விழுந்திருக்காது என்பதால், அங்கே பெயர் இல்லாததை விடுதலை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஸ்டேஷனுக்கே போனோம். கைதானவர் விவரப் பலகை சுவரில் இருந்தது, அதில் பெயர்கள் இல்லை. இது சின்ன விஷயம் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. காவலில் நடக்கும் மரணங்களைப் பற்றி மேற்கு வங்கத்திலிருந்து டி.கே. பாசு 1986-ல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தைத்தான் உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்து, 1996 டிசம்பரில் கைதுக்கான பதினொரு நெறிகளை வகுத்தது. கைதான செய்தியை உறவினருக்குச் சொல்வதும், கட்டுப்பாட்டு அறைப் பலகையில் எழுதுவதும் அவற்றில் அடக்கம். அந்தப் பலகையில் ஒரு வரி இருந்திருந்தால் இந்த அக்கா புழலுக்கு வந்திருக்கவே வேண்டாம்.

ரைட்டர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, ரிமாண்ட் ஆகிவிட்டது, கோர்ட்டில் கேளுங்கள் என்றார். நீதிமன்ற அலுவலகத்தில்தான் உறுதியான காகிதம் இருந்தது. நீதித்துறை நடுவர் காவலில் வைக்க உத்தரவிடும்போது, எந்தச் சிறை என்று குறிப்பிட்டு அந்தச் சிறை அதிகாரிக்கு வாரண்ட் போகிறது. அதில் புழல் இல்லை, அதே மாவட்டத்தில் உள்ள ஒரு கிளைச் சிறை எழுதியிருந்தது. செய்தி வீடியோக்காரர் வழக்கமாகப் போடுவதைப் போட்டிருக்கிறார். கிளைச் சிறைக்குப் போன் செய்து தகப்பன் பெயர், வயது, குற்ற எண் மூன்றையும் சொன்னோம். “ஆமா, நேத்து ராத்திரி அட்மிஷன்” என்றார்கள்.

இவ்வளவையும் அக்கா தனியாகச் செய்திருக்க முடியுமா? முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வேலைக்குப் போகும் வீடுகளில் ஒவ்வொரு நாள் விடுப்புக்கும் கூலி பிடிப்பார்கள். இது ஒரு குடும்பத்தின் சிக்கல் மட்டுமல்ல. 2022-ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவரப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாத அத்தனை பேரின் பெயரையும் படத்தையும் ஊரறிய இணையத்தில் தொங்கவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குற்ற எண்ணோடும் தகப்பன் பெயரோடும் வரும் உறவினருக்கு, எந்தச் சிறை என்ற ஒரே பதிலை அரசுத் தளம் சொல்லலாம். காவல், நீதிமன்றம், சிறை மூன்றின் பதிவுகளையும் இணைக்கும் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதிகாரிகள் அதில் பார்த்துக்கொள்கிறார்கள்.

நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழுவின் அறை இருந்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. நேரில் போக முடியாதவர்கள் 15100-ஐக் கூப்பிடலாம். அங்கிருந்த வழக்கறிஞர் குற்ற எண்ணையும் அடுத்த ரிமாண்ட் தேதியையும் குறித்துக்கொண்டு, வக்காலத்தில் கையெழுத்து வாங்க மறுநாளே கிளைச் சிறைக்குப் போவதாகச் சொன்னார்.

அக்கா அவரிடம் ஜாமீன் எப்போது என்று கேட்கவில்லை. “அடிச்சிருக்காங்களா சார், அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றார். கைதானதும் மருத்துவர் பரிசோதித்திருக்க வேண்டும், காயம் இருந்தால் குறித்திருக்க வேண்டும், அந்த அறிக்கையின் நகலைத் தம்பிக்கோ அவர் காட்டும் ஆளுக்கோ தர வேண்டும் என்று வழக்கறிஞர் விளக்கினார். நகலை அக்காவிடம் கொடுக்கும்படி தம்பியிடம் எழுதி வாங்க இன்னொரு தாளையும் எடுத்து வைத்துக்கொண்டார்.