உமிக்கு எட்டாத உப்பு

ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்கு நிறம் புதிதல்ல. அங்கு விளையும் சோஜத் மருதாணி நாடெங்கும் பெண்களின் கைகளைச் சிவக்க வைக்கிறது. 2021ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாலி நகரம் துணிச் சாயத்துக்குப் பேர்போனது. ஆனால் சாயம் துணியோடு நிற்கவில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் பாண்டி நதியில் ஆலைக் கழிவு ஓடத் தொடங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய நேஹ்டா அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. கரையோரக் கிணறுகள் கெட்டன. 1983லேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தும், விவசாயிகள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

இதற்கு மலிவான மருந்து வயலிலேயே கிடைக்கிறது என்கின்றன பல்கலைக்கழகங்கள். ரூர்க்கியில் கரும்புச் சக்கைச் சாம்பல், போபாலில் எண்ணெய் எடுத்த சோயா, கோவையில் தென்னை நார்க்கழிவு என்று ஆய்வுகள் நடந்தன. விலை அதிகமான கிளர்வூட்டப்பட்ட கரிக்கு இவை மாற்று. உமியைக் கழுவி, உலர்த்தி, சலித்து, குழாயில் அடைத்துச் சாய நீரை ஊற்றினால் கீழே தெளிந்த நீர் சொட்டுகிறது. நுண்துளைகள் நிறைந்த உமியின் பரப்பில் சாயம் ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்கு இது மாயாஜாலம்தான்.

சிக்கல் இனிமேல்தான். உமியின் பரப்பு பெரும்பாலும் எதிர்மின் தன்மை கொண்டது. ஆய்வகங்களுக்குப் பிரியமான மெத்திலின் நீலம் நேர்மின் சாயம் என்பதால் சுலபமாகச் சிக்குகிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமோ எதிர்மின் வகை. அதைப் பிடிக்க உமிக்கு ரசாயனப் பக்குவம் வேண்டும், அல்லது நீரில் அமிலம் சேர்க்க வேண்டும். அப்போதே மலிவில் பாதி போய்விடுகிறது. நிறைந்த உமியும் அப்படியே இருக்கிறது. தண்ணீரிலிருந்த சாயம் இப்போது மூட்டையில். அதை எங்கே கொட்டுவது?

உப்பு இன்னும் பெரிய கேள்வி. அழுத்தமான நிறம் ஏற, லிட்டருக்கு 50 கிராமுக்கும் அதிகமாக உப்புச் சேர்ப்பதுண்டு. அதில் ஒரு துளியைக்கூட உமி தொடாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும் தீராத தலைவலி உப்புதான். சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் கொப்பரையும் இல்லாமல் அதைப் பிரிக்க முடியாது. பிரித்த பிறகும் அதைக் கொட்ட இடம் வேண்டும்.

உமி பயனற்றது என்பதல்ல. உப்பைப் பிரிக்கும் ஏற்பாட்டுக்கு முன்னால், நிறத்தைக் குறைக்கும் சிறு துணையாக அது உதவலாம். நிறம் போனதையே சுத்திகரிப்பாக எண்ணுவதுதான் ஆபத்து. சாயம் கலந்த தண்ணீர் வாய்க்காலில் வந்தால் விவசாயி பார்த்ததும் மடையை அடைப்பார். நிறமற்ற உப்புத் தண்ணீர் வந்தால் நம்பிப் பாய்ச்சுவார். உமி கொடுத்தவரின் வயலே உவராகும். ஆகவே தண்ணீர் தெளிந்திருக்கிறதா என்று பார்ப்பவர், அதில் உப்பு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். கிணற்றுக்காரர் அதைத்தான் முதலில் பார்க்கிறார், நாக்கில் ஒரு சொட்டு வைத்து.