பூட்டு நம்முடையது, சாவி?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



பயணக் கட்டுரை என்றால் ஊட்டி, கொடைக்கானல், ஒகேனக்கல் என்று எழுதுவதுதான் நம் மலரின் வழக்கம். கூடவே பஸ்சில் ஆடிய ஆட்டம், ஹோட்டலில் பில்லுக்குப் போட்ட சண்டை எல்லாம் வரும். என் பயணத்தில் அதெல்லாம் கிடையாது. ஏனென்றால் நான் போனது என் அப்பாவோடு!

அப்பா பூட்டுத் தொழிலாளி. நாகல் நகர்ப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை. மாங்காய்ப் பூட்டு, கோவில் கதவுப் பூட்டு, கல்லாப்பெட்டிப் பூட்டு என்று முப்பது வருஷமாக அரமும் கையுமாக இருப்பவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே பெருமைப்பட்டது. ஆனால் அன்றைக்கு எங்கள் பட்டறையில் மிஞ்சி இருந்தது அப்பாவும் இன்னொரு பெரியவரும் மட்டும்தான். மெஷினில் செய்து அலிகாரிலிருந்து வரும் பூட்டு விலைக்குக் கைவேலைப் பூட்டு எப்படி ஈடு கொடுக்கும்?

"நீயாச்சும் அரத்தைத் தொடாத வேலைக்குப் போடா" என்று சொல்லித்தான் என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். சேர்ந்தவுடன் ஃபிட்டிங் ஷாப்பில் என் கையில் முதலில் கொடுத்தது எதைத் தெரியுமா? அரம்தான்! வீட்டில் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

நிற்க. 2025 பிப்ரவரியில் நான் இரண்டாம் ஆண்டு. கையில் மூன்று அரியர்; அதில் பெரியண்ணன் வெப்பப் பொறியியல். 'இது நமக்குச் சரிப்படாது, படிப்பை விட்டுவிட்டு திருப்பூர் போய்விடலாம்' என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். வீட்டில் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, பெங்களூரு பீன்யாவில் லேத் வேலை செய்யும் பெரியம்மா மகன் போன் செய்தார். "தம்பி, இங்க ஏர் ஷோ நடக்குது. என் ரூம் எலகங்காவுலதான். மாடியில நின்னாலே தெரியும். சித்தப்பாவையும் கூட்டிட்டு வா."

போகும்போது ரயிலில் வைத்து விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நானும் கிளம்பினேன். இரவு மைசூர் எக்ஸ்பிரஸ். அன்ரிசர்வ்டு பெட்டியில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஆறு பேர். அப்பா மடியில் எலுமிச்சம்பழச் சோற்றுத் தூக்கு. அந்த நெரிசலில் வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வந்தது, விஷயம் வரவில்லை. ஓசூர் தாண்டும்போது விடிந்துவிட்டது.

எலகங்கா விமானப்படைத் தளத்தில் 1996ல் இருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை 'ஏரோ இந்தியா' நடக்கிறது. நாங்கள் பார்த்தது பதினைந்தாவது கண்காட்சி; 2025 பிப்ரவரி 10 முதல் 14 வரை. ரஷ்யாவின் சுகோய்-57, அமெரிக்காவின் எஃப்-35 இரண்டும் வந்திருந்தன. உள்ளே போக டிக்கெட் விலையைக் கேட்டதும் அப்பா, "நாலு பூட்டு விக்கணும்" என்றார். ஆகவே மொட்டை மாடிதான் எங்களுக்கு கேலரி. அந்தத் தெருவில் எல்லா மாடியிலும் ஆள். பாட்டிமார்கூட குடையும் முறுக்குமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் ஜெட் வந்தது. அப்பா சத்தம் வந்த திசையைப் பார்க்கிறார். அங்கே ஒன்றுமில்லை, வெறும் வானம். விமானம் அதற்குள் எங்கோ போய்விட்டது. "சத்தத்தைப் பாக்காதீங்கப்பா, சத்தத்துக்கு முன்னாடி பாருங்க" என்றேன். அப்புறம் பிடித்துக்கொண்டார். சூர்யகிரண் குழுவின் ஒன்பது ஹாக் விமானங்கள் ஒட்டினாற்போல் போனபோது மாடி மாடியாக விசில் பறந்தது. அப்பா மட்டும் விசில் அடிக்கவில்லை. "ரெண்டு ரெக்கைக்கும் நடுவுல எவ்வளவு இடம்டா விட்டிருக்காய்ங்க?" என்றார். அண்ணன் மெதுவாகச் சொன்னார்: 2019ல் இதே எலகங்காவில் ஒத்திகையின்போது இந்தக் குழுவின் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன, விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். அதன்பிறகு அந்த ஒன்பதும் திரும்பி வந்து கண்ணுக்கு மறையும்வரை அப்பா எண்ணிக்கொண்டே இருந்தார்.

பிறகு தேஜஸ் வந்தது. சின்ன விமானம். வந்த வேகத்தில் செங்குத்தாக மேலே ஏறி, குட்டிக்கரணம் போட்டுத் திரும்பியது. "இது நம்ம பண்ணதுப்பா" என்றேன், ஏதோ நானே பண்ணியது மாதிரி. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் தடவையாகக் கை தட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை, பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் எச்.ஏ.எல். பாரம்பரிய மையத்துக்குப் போனோம். 2001ல் திறந்த விமான அருங்காட்சியகம். தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் சமஸ்தானத்தோடு சேர்ந்து 1940 டிசம்பரில் தொடங்கிய கம்பெனிதான் பிற்பாடு எச்.ஏ.எல். ஆனது. அந்தக் காலத்து போட்டோக்கள் ஒரு கூடத்தில் வரிசையாக இருக்கின்றன. வெளியே புல்தரையில் நிஜ விமானங்கள். 1951ல் முதலில் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானம், அஜீத், பிறகு... மருத்!

எச்.எஃப்.-24 மருத். காற்றைக் குறிக்கும் பெயர். நாம் மாருதம் என்கிறோமே, அந்த உறவுதான். இரண்டாம் உலகப்போரில் பேர் வாங்கிய போர் விமானங்களை வடிவமைத்த ஜெர்மானியர் குர்ட் டாங்க், பெங்களூருக்கு வந்து நம் ஆட்களோடு சேர்ந்து உருவாக்கியது. 1961 ஜூனில் முதலில் பறந்தது. மொத்தம் 147 விமானங்கள் செய்தார்கள். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் வேலை பார்த்தது.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூக்கிலிருந்து வால்வரை ரிவெட் வரிசையைக் கண்ணாலேயே தடவிக்கொண்டு போனார். "ஒண்ணுகூடத் தலை தூக்கலைடா. தகட்டோட தகடா உக்காந்திருக்கு. எவனோ நல்ல வேலைக்காரன்" என்றார். முப்பது வருஷத்தில் அவர் இன்னொருவர் வேலையைப் பாராட்டி நான் கேட்டது அது ஒரு முறைதான்.

"இவ்வளவு அழகா இருக்கே, ஏன் இப்போ பறக்கல?"

வயசாகிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் வருவதற்கு முன் நூலகத்தில் கொஞ்சம் படித்திருந்தேன். சொன்னேன். இந்த உடம்பை ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்துக்குக் கணக்குப் போட்டு வடிவமைத்தார்கள். அதற்குத் தகுந்த என்ஜின் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் ஆர்ஃபியஸ் என்ஜினின் சக்தி கூடிய ரகம் ஒன்று வருவதாக இருந்தது. அதை உருவாக்கும் செலவில் இந்தியா பங்கு தர வேண்டும் என்றார்கள்; நாம் தரவில்லை; அது நின்றுபோனது. ரஷ்யாவில் கேட்டார்கள். எகிப்து என்ஜினைக்கூட மருத்தில் மாட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் அமையவில்லை. கடைசியில் சக்தி குறைந்த ஆர்ஃபியஸ் 703 இரண்டை வைத்தே ஓட்டினார்கள். ஒலியின் வேகத்தை எட்டுவதே அதற்குப் பாடாக இருந்தது. அந்த என்ஜினில் எரிப்பைக் கூட்டிப் பார்க்கும் சோதனையில் 1970 ஜனவரியில் ஒரு மருத் விழுந்தது. அதை ஓட்டிய சுரஞ்சன் தாஸ் இறந்துபோனார். 1961ல் முதல் மருத்தைப் பறக்கவிட்டவரே அவர்தான். பெங்களூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"பூட்டு நாம செஞ்சுட்டோம். சாவி அடுத்தவன் இடுப்புல இருந்திருக்கு."

நண்பர்களே, ஒரு புத்தகம் முழுக்கப் படித்தும் எனக்குத் தோன்றாத வார்த்தை அது.

அதோடு விட்டாரா? "சரி, நேத்து பறந்துச்சே, நம்ம பண்ணதுன்னு சொன்னியே... அதுக்குச் சாவி?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தேஜசில் இருப்பது அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் செய்யும் எஃப்-404 என்ஜின். நம்முடைய சொந்த என்ஜினான காவேரிக்கு 1989லேயே அனுமதி கொடுத்து வேலை தொடங்கியும், தேஜசுக்கு வேண்டிய சக்தி வரவில்லை என்று 2008ல் பிரித்துவிட்டார்கள். புது தேஜஸ்களுக்காக 2021ல் 99 என்ஜின் ஆர்டர் கொடுத்தோம். அதில் முதல் என்ஜின், நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, 2025 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. உடம்பு தயாராகி என்ஜினுக்காகக் காத்துக் கிடப்பது மருத்தோடு முடிந்த கதையில்லை.

அடுத்து என்ஜின் கூடத்துக்குள் போனோம். உள்ளே இருப்பது தெரியும்படி வெட்டி வைத்திருந்தார்கள். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்: "இது எப்படிடா வேலை செய்யுது?"

நான் இயந்திரவியல் மாணவன். வெப்பப் பொறியியல் எழுதியவன். "அது... காத்து உள்ள போகும்... பெட்ரோல் எரியும்..." அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பெட்ரோல்கூடத் தப்பு, அது கெரசின் வகை எரிபொருள்! அப்பா திட்டவில்லை. "தெரியலைன்னா என்ன, பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சிரும். நான் லீவர் பூட்டைப் படிச்சா கத்துக்கிட்டேன்? எங்க ஐயா பூட்டைப் பிரிச்சு, திரும்ப மாட்டத் தெரியாம உதை வாங்கித்தான் கத்துக்கிட்டேன்" என்றார். பரீட்சையில் ஃபெயிலானபோது வராத வெட்கம் எனக்கு அங்கே வந்தது.

திரும்பும் ரயிலில், கரூர் வரும்போது, திருப்பூர் விஷயத்தைச் சொன்னேன். அரியரையும் சொன்னேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஒரு லீவர் தூக்கலைன்னா பூட்டையே தூக்கிப் போடுவியா?" என்றார். அவ்வளவுதான். திண்டுக்கல் வரும்வரை வேறு பேச்சு இல்லை.

மறுவாரம் நம் லேபில், மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய என்ஜினைப் பிரிக்க சாரிடம் அனுமதி கேட்டேன். நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டிருப்போம்? அது ஸ்கூட்டர் என்ஜின்தான். இருந்தாலும் அதைப் பிரித்து மாட்டிய பிறகு பாடப்புத்தகம் வேறு புத்தகமாகத் தெரிந்தது. ஜெட் என்ஜினும் இப்போது அப்பாவுக்கே சொல்லுமளவுக்குத் தெரியும். முன்னால் இருக்கும் கம்ப்ரஸர் காற்றை இழுத்து அமுக்குகிறது. அமுங்கிய காற்றில் எரிபொருள் எரிகிறது. எரிந்த வாயு பின்னால் இருக்கும் டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே பாய்கிறது. அந்த டர்பைன்தான் ஒரே தண்டின் வழியாக முன்னால் இருக்கும் கம்ப்ரஸரைச் சுற்றுகிறது. சொல்ல எவ்வளவு சுலபம்! ஆனால் இன்றைய போர் விமானங்களில் டர்பைன் இதழ்மேல் படும் வாயுவின் சூடு, அந்த இதழ் செய்த உலோகம் உருகும் சூட்டையும் தாண்டியது. உருகாமல் இருக்க இதழுக்குள்ளேயே நுண்ணிய துளைகள் வைத்துக் குளிர் காற்றை விடுகிறார்கள். முழு இதழையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். அந்த உலோக வித்தை தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணலாம். அவர்கள் இடுப்பில் இருக்கும் சாவி அதுதான்.

ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார். படிப்பு முடித்ததும் பயிற்சிக்குப் போனது பெங்களூரு எச்.ஏ.எல்.லுக்கு. அங்கே அவருக்குக் கிடைத்த வேலை என்ஜின்களைப் பிரித்துச் சரிபார்ப்பது! இன்றும் அங்கே டிப்ளமோ படித்தவர்களை அப்ரண்டிஸாக எடுக்கிறார்கள். நானும் விண்ணப்பிக்கப்போகிறேன். கிடைக்குமோ கிடைக்காதோ.

ஏப்ரல் தேர்வில் வெப்பப் பொறியியலில் பாஸ். 47 மதிப்பெண். ஃபர்ஸ்ட் கிளாஸ் நண்பர்கள் சிரிக்க வேண்டாம்! இன்னும் ஒரு அரியர் பாக்கி இருக்கிறது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் அப்பா பக்கத்தில் உட்காருகிறேன். அரத்தைத் தொடாதே என்று அவர் சொல்வதில்லை. போன வாரம் ஏழு லீவர் பூட்டுக்கு ஒரு சாவி ராவினேன். போட்டுத் திருப்பிப் பார்த்தார். திறக்கவில்லை. வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "மூணாவது பல்லு" என்று சொல்லி என் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

ராவிக்கொண்டிருக்கிறேன்.