நிலவு என்று வாசித்த எழுத்து



சென்ற வாரம் மதரஸாவில் ஒரு சிறுவன் ஜீமின் புள்ளியைக் கவனியாமல் அதை ஹா என்று வாசித்தான். நான்காவது முறையாக அதே பிழை. கடிந்துகொள்ள வாயெடுத்த நான் நிறுத்திக்கொண்டேன். எழுத்தைப் பிழையாக வாசித்து நான் பட்டது நினைவுக்கு வந்துவிட்டது.

இருபத்து நான்காம் வயதில், இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்ற கையோடு, ஜப்பானிய மொழி பயிலக் கோபே நகரம் சென்றேன். அது 2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். என் தாய்மாமா அங்கே முத்து வணிகம் செய்துவந்தார். மொழி தெரிந்தால் அத்தொழிலில் எனக்கும் ஓரிடம் கிடைக்கும் என்பது வாப்பாவின் கணக்கு. அது பலிக்கவில்லை, அது வேறு கதை.

ஹிரகானா, கதகானா என்னும் இருவகை எழுத்துகளில் ஒவ்வொன்றிலும் 46 அடிப்படை வடிவங்கள். பத்து நாள்களில் மனனம் செய்துவிட்டேன். குர்ஆனை மனனம் செய்தவனுக்கு இது எம்மாத்திரம் என்ற இறுமாப்பும் கூடவே வளர்ந்தது. பிறகுதான் சீனத்திலிருந்து வந்த எழுத்துகள் தொடங்கின. அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் கஞ்சி. பெயரைக் கேட்டதும் நோன்புக் கஞ்சி நினைவுக்கு வந்து சிரித்தேன். ஆனால் இந்தக் கஞ்சி எளிதில் உள்ளே இறங்கவில்லை. பொதுப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் மட்டும் அப்போது 1,945 எழுத்துகள். முதல் வாரத்தில் ஞாயிறு, நிலவு, நெருப்பு, நீர், மரம், மலை ஆகியவற்றைக் கற்றோம். சீன மாணவர்கள் கொட்டாவி விட்டபடி எழுதி முடிக்க, நான் கோடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நகரம் மட்டும் விரைவில் வசப்பட்டது. வடக்கே மலைத்தொடர், தெற்கே கடல், இடையில் நீண்டு கிடக்கும் ஊர். வழி கேட்டால் வடக்கு, தெற்கு என்னாமல் ‘மலைப்பக்கம்’, ‘கடல்பக்கம்’ என்றே சொல்வார்கள். எனக்குக் கிப்லாவும் அவ்வாறே பழகிற்று: கடலை இடப்புறமும் மலையை வலப்புறமும் வைத்து மேற்கே நின்று, சற்றே மலைப்பக்கம் திரும்ப வேண்டும். மாலைகளில் துறைமுகம் வரை நடப்பேன். 1995 நிலநடுக்கத்தில் உடைந்த படகுத்துறையின் ஒரு பகுதியைச் சாய்ந்த விளக்குக் கம்பங்களோடு அப்படியே பாதுகாத்திருக்கிறார்கள்.

அப்படி நடந்த ஒரு மாலையில் நான்கின்மாச்சி என்னும் சீனக் கடைத்தெருவுக்குள் நுழைந்தேன். மூங்கில் தட்டுகளில் ஆவி பறக்க வெண்ணிறக் கொழுக்கட்டைகள். அதற்கு முந்தைய வாரம்தான் மாமா அதே தோற்றத்தில், உள்ளே இனித்த பயறு வைத்த பண்டமொன்றை வாங்கித் தந்திருந்தார். பலகையைப் பார்த்தேன். பின்னிரண்டு எழுத்துகள் ஹிரகானாவில் ‘மன்’. முன்னிருந்த கஞ்சியின் இடப்பாதியில் எனக்குத் தெரிந்த நிலவு! வலப்பாதி தெரியாவிட்டால் என்ன? வட்டமாய், வெண்மையாய் இருப்பதற்கு நிலவு பொருத்தம்தானே என்று எண்ணி வாங்கிக் கடித்தேன். நாவுக்கு உறைக்குமுன் முதல் கவளம் தொண்டையைக் கடந்துவிட்டது. இனிப்பில்லை; இறைச்சி.

மறுநாள் ஆசிரியையிடம் அவ்வெழுத்தை வரைந்து காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை. அது பன்றி. இடப்பக்கம் இருப்பது நிலவன்று, அதே வடிவம் கொண்ட ‘சதை’ என்னும் உறுப்பு என்றார். உடலுறுப்புகளைக் குறிக்கும் பல எழுத்துகளிலும் அது வருமாம்.

அன்று மாலை மலைப்பக்கம் ஏறிப் பள்ளிவாசலுக்குப் போனேன். ஜப்பானின் முதல் பள்ளிவாசல் அது, 1935இல் திறக்கப்பட்டது. கட்டுவதற்குப் பொருள் தந்தவர்களில் நம் நாட்டு வணிகர்கள் பலர். 1945 குண்டுவீச்சிலும் 1995 நிலநடுக்கத்திலும் சுற்றுப்புறம் சிதைந்தபோது அது நின்றது. அங்கே தொழுதுகொண்டிருந்த வட இந்தியப் பெரியவர் ஒருவரிடம் உருதுவில் நடந்ததைச் சொன்னேன். மார்க்கச் சட்டம் எனக்குத் தெரியாததன்று. இருந்தும் ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. “அறியாமல் நேர்ந்ததற்குக் குற்றமில்லை, மகனே,” என்றார். நான் ஆறுதலடையுமுன், “நாளையும் அறியாமலிருந்தால் என்ன பெயர் சொல்வாய்?” என்று கேட்டார்.

அதன்பின் பாடநூலின் வரிசையை விட்டுவிட்டேன். ஆசிரியை ஓர் அட்டையில் பன்றி, இறைச்சி, கொழுப்பு, மது ஆகியவற்றை எழுதித் தந்தார். மதுவின் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள், வலப்பக்கம் ஒரு சாடி. கடைகளில் பொட்டலங்களைத் திருப்பித் திருப்பி வாசிப்பேன்; சோயாச் சாற்றிலும் அத்துளிகளைத் தேடுவேன். கடைக்காரர்கள் என்னை விசித்திரமாகப் பார்த்திருக்கக்கூடும். மாமாவோ, “மருமகனே, முத்துப் பொறுக்க வந்தவன் எழுத்துப் பொறுக்குகிறாயே” என்பார்.

ஜூன் மாதத்தில் புதிதாக வந்த இந்தோனேசிய மாணவர் ஒருவர், பல்பொருள் கடையில் ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துத் தயங்கி நின்றார். வாங்கித் திருப்பினேன். மூன்றாவது வரியில் அந்தச் சதை இருந்தது. வலப்பாதியையும் இம்முறை வாசித்தேன். பொட்டலத்தை அடுக்கில் திரும்ப வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த அட்டையை அவரிடம் நீட்டினேன்.