ஆளில்லாத வீட்டுல எட்டு ராம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல மக்களே. காலேஜ்ல ஆணி அதிகம். போதாக்குறைக்கு அடுத்த செமஸ்டர் ஃபீஸ்ல துண்டு விழுது. அதனால வாரக் கடைசியில ஷார்ஜா ரோலா பக்கம் ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி கடையில வேலை. பழைய சர்வர் பொட்டிகளைத் துடைச்சு, சோதிச்சு, விக்கிறதுக்குத் தயார் பண்ணணும்.

போன வாரம் ஒரு ஓமான் பார்ட்டி வந்தார். ரெண்டு பிராசஸர் உக்காரக்கூடிய ஜியான் பொட்டி, ஆனா பிராசஸர் ஒண்ணே போதும்னார். அவங்க மென்பொருளுக்கு லைசென்ஸ் காசு பிராசஸர் கணக்குலயாம். மெமரி மட்டும் 256 ஜிபி வேணும். நான் 16 ஜிபி ராம் பதினாறு எடுத்து, அந்தப் பக்கம் எட்டு, இந்தப் பக்கம் எட்டுன்னு அழகா அடுக்கினேன். ஆன் பண்ணிப் பார்க்காமலே பில்லும் போட்டாச்சு.

சாயங்காலம் ஆன் பண்ணினா 128தான் காட்டுது. வண்டி ராத்திரி மஸ்கட் கிளம்புது. எனக்கு வேர்த்து ஊத்துது. (ஷார்ஜாவுல வேர்க்கிறதெல்லாம் ஒரு செய்தியான்னு கேக்காதீங்க.)

அண்ணாச்சி திட்டல. பரண்ல இருந்து ஒரு பெரிய போர்டை இறக்கினார். சன் ஃபயர் 15கே, 2001ல வந்த பொட்டியோட போர்டு. துபாய்ல சர்வீஸ் எஞ்சினியரா இருந்த காலத்து ஞாபகமா வெச்சிருக்கார்.

"எண்ணிப் பாரு தம்பி. நாலு சிப்பு, ஒவ்வொண்ணுக்கும் எட்டு ராம். சிப்பு இல்லாத எடத்துல ராமை வெச்சா யாருல படிப்பா?"

விஷயம் இதுதான். 1997ல வந்த ஸ்டார்ஃபயர் பொட்டியில் ஒரு போர்டில் இருக்கும் மெமரி அந்த போர்டுக்கே பொது. அடுத்து வந்த அல்ட்ராஸ்பார்க் 3ல் மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதியை பிராசஸருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதிலிருந்து ராம் போர்டுக்குச் சொந்தமில்லை, பிராசஸருக்குச் சொந்தம். 15கேயில் இப்படி 18 போர்டு, 72 பிராசஸர். அடுத்த போர்டின் மெமரி வேண்டுமென்றால் நடுவிலிருக்கும் கிராஸ்பார் வழியாகச் சுற்றிப் போகணும், கொஞ்சம் தாமதமாகும். 2003ல் ஏஎம்டி ஆப்டெரான், 2008ல் இன்டெல் நெஹலெம் என்று எல்லாரும் இந்த வழிக்கே வந்தார்கள். நான் பொட்டி தட்டுற லேப்டாப் உள்பட.

ஓடுற பொட்டியிலிருந்தே போர்டைக் கழட்டலாமாம். முதலில் அதன் மெமரியில் இருப்பதையெல்லாம் மற்ற போர்டுகளுக்கு மாற்றணும். இயங்குதளமே அந்த போர்டில் குடியிருந்தால் அதை நகர்த்தும்வரை மொத்தப் பொட்டியும் மூச்சைப் பிடித்து நிற்கும். "அந்த நேரம் எனக்கும் மூச்சு நின்னுரும்ல"ன்னார் அண்ணாச்சி.

நம்ம கதைக்கு வருவோம். ஒரு பிராசஸருக்கு 12 இடம்தான், என்கிட்ட 16 ராம். எல்லாத்தையும் ஒரே பக்கம் திணிக்கவும் முடியாது. இன்னொரு பிராசஸர் போட்டா பார்ட்டிக்கு லைசென்ஸ் காசு ரெண்டு மடங்கு. கடைசியில, வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சிருந்த 32 ஜிபி ராம் எட்டைப் போட்டோம். நாலு சேனல், சேனலுக்கு ரெண்டு. 256 காட்டுச்சு. வண்டி கிளம்பும்போது மணி ஒன்பதரை.

பில் போட்ட விலையை அண்ணாச்சி மாத்தல. 32 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் உள்ள வித்தியாசத்துல என் கமிஷன் மொத்தமும் போச்சு. கேக்காமலே நான்தான் விட்டுக்கொடுத்தேன், அவரும் வேண்டாம்னு சொல்லல. ஹ்ம்ம்.

பி.கு: ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி 20. ஊருக்கு போன் பண்றதா, அண்ணாச்சிகிட்ட முன்பணம் கேக்குறதான்னு இன்னும் முடிவு பண்ணல.