பேரத்தின் நடுவே ஒரு பொய்

பயணம் சென்று திரும்பியவரிடம் நம் ஊர்களில் கேட்கப்படும் முதற் கேள்வி, "என்ன பார்த்தீர்கள்?" என்பதன்று; "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்பதே. வாங்கியது துணியானால் அதன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, பாத்திரமானால் விரலால் தட்டிப் பார்த்து, அடுத்த கேள்வியையும் கேட்பார்கள்: "எவ்வளவுக்கு?" அதற்கு நாம் தரும் விடையில்தான் பயணத்தின் பெருமை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. கடைக்காரர் சொன்ன விலை ஒன்று. நாம் கொடுத்த விலை ஒன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட தூரமே நம் சாமர்த்தியத்தின் அளவுகோல். அந்தத் தூரத்தை எதையெதைச் சொல்லிக் கடந்தோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை வரையில், நானும் என்னை அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை.

அவ்வாண்டு அல்லாஹ்வின் பேரருளால் நானும் என் மனைவியும் உம்ராவை நிறைவேற்றினோம். புறப்படுமுன் வழக்கப்படி உறவினர் வீடுகளுக்கும் அண்டை வீடுகளுக்கும் சென்று, "தெரிந்தோ தெரியாமலோ உங்கள் ஹக்கில் ஏதேனும் குறை செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டு வந்தோம். மக்காவிலும் மதீனாவிலும் பத்து நாட்கள் தங்கிய பின்னர், திரும்பும் வழியில் நான்கு நாட்கள் இஸ்தான்புல் நகரைக் கண்டு வருவதாக எங்கள் குழுவின் ஏற்பாடு.

அந்நகரின் பெரிய கடைவீதியைத் துருக்கியர் 'கபலி சார்ஷி' என்பர். மேல்மூடிய கடைத்தெரு என்பது அதன் பொருள். 1453 இல் நகரை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, வெற்றிக்குப் பிந்திய சில ஆண்டுகளிலேயே இதன் கருவான 'பெதெஸ்தான்' என்னும் கற்கட்டடத்தை எழுப்பத் தொடங்கினார். பதினைந்து குவிமாடங்களைக் கொண்ட அக்கட்டடத்தின் வருவாய் அயா சோபியா பள்ளிவாசலின் வக்ஃபுக்கு உரியதாக்கப்பட்டது. பள்ளிவாசலை ஒட்டிக் கடைகளைக் கட்டி, வரும் வாடகையில் பள்ளியின் செலவுகளைப் பார்த்துக்கொள்ளும் நம்மூர் வழக்கத்தின் பேருருவம் அது. கருவைச் சுற்றித் தெருக்கள் வளர்ந்தன, தீயில் எரிந்தன, 1894 ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் இடிந்தன, மீண்டும் எழுந்தன. இன்று ஏறத்தாழ அறுபது தெருக்களும் நாலாயிரம் கடைகளும் ஒரே கூரையின் கீழ் அடங்கியுள்ளன. தெருக்கள் இன்றும் தொழில்களின் பெயராலேயே வழங்குகின்றன. உரோமத் தொப்பி செய்வோர் தெருவில் இப்போது பெரும்பாலும் பொன் நகைக் கடைகளே மின்னுகின்றன. ஆயினும் பெயர் மாறவில்லை.

அங்கே நடக்கும் வாணிபத்தின் மொழி என்னைப் பெரிதும் கவர்ந்தது. காலையில் முதல் விற்பனை ஆனதும் கடைக்காரர் 'சிஃப்தா' ஆயிற்று என்கிறார். திறப்பு என்னும் பொருள் தரும் 'இஸ்திஃப்தாஹ்' என்ற அரபுச் சொல்லின் சுருக்கம் அது. நம் ஊர்க் கடைக்காரர் 'போணி' என்று சொல்லிப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாரே, அதே போணிதான். பணத்தை வாங்கியதும், "அல்லாஹ் பெரெகெத் வெர்சின்" என்கிறார். பெரெகெத் வேறு எதுவுமன்று. நாம் நாள்தோறும் சொல்லும் பரக்கத்தே. மொழி தெரியாத ஊரில் இத்தகைய சொற்கள் காதில் விழும்போது, உறவினர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் உணர்வு உண்டாகிறது.

பேரத்திற்கும் அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. தங்க நகையில் பொன்னின் விலையை எடையும் அன்றைய நிலவரமும் தீர்மானிக்கும். செய்கூலியில்தான் பேச்சுக்கு இடம். ஏனைய பொருள்களில் கடைக்காரர் கால்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டி நம்மிடம் நீட்டுவார். நாம் அதை அழித்து நம் எண்ணைத் தட்டித் திருப்பித் தரவேண்டும். இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளையில் பாலில்லாத் தேநீர் வரும். அதைக் குடித்துவிட்டதால் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. ஆனால் நாம் ஒரு விலையைக் கேட்டு, அவர் அதற்கு இசைந்துவிட்டால், அதன்பின் எழுந்து போவது மரியாதையன்று.

சனிக்கிழமை நண்பகல் கடந்த வேளையில், உறவினருக்குக் கொடுப்பதற்காக ஆறு தஸ்பீஹ் மணிகள் வாங்க வேண்டும் என்று ஒரு சிறு கடையில் நுழைந்தோம். முதியவர் ஒருவர் இருந்தார். அரைகுறை ஆங்கிலமும் சில அரபுச் சொற்களும் அவருக்குத் தெரிந்திருந்தன. கறுத்துப் பளபளத்த ஒரு மாலையை நான் எடுத்ததும், அவர் தலையை அசைத்தார். துருக்கியின் கிழக்கே எர்சுரூம் பகுதியில் ஒல்து என்னும் ஊரில் கிடைக்கும் கருங்கல்லில் கடைந்த மணிகளுக்கு அங்கே பெருமதிப்பு. "நீங்கள் எடுத்தது ஒல்துக் கல் அன்று, அச்சில் வார்த்தது. கல் வேண்டுமானால் இதோ, ஆனால் விலை மிகுதி" என்று அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதுமில்லை.

வார்த்த மணியே போதும் என்றேன். ஒன்று 250 லிரா என்றார். அப்போது ஒரு லிரா நம் பணத்தில் ஏறத்தாழ இரண்டரை ரூபாய். உம்ரா முடித்து வருகிறோம் என்று அறிந்ததும் கையை நெஞ்சில் வைத்து, அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக என்று துஆச் செய்தார். நான் கால்குலேட்டரை வாங்கி 150 என்று தட்டினேன். அவர் சிரித்து மறுத்தார். அப்போதுதான், நாற்பது ஆண்டுக் காலமாக எத்தனையோ கடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த வாக்கியம் என் நாவில் தானாக வந்து நின்றது: "இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் 150 க்குத் தருவதாகச் சொன்னார்களே!"

அப்படி ஒரு கடை இல்லை. நாங்கள் அன்று ஏறிய முதல் தஸ்பீஹ் கடை அதுதான்.

முதியவர் கோபம் கொள்ளவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எந்தக் கடை? அந்த விலைக்குக் கிடைக்குமானால் நானே வாங்கி வைப்பேன். காட்டுங்கள், ஹாஜி" என்று எழுந்து நின்றார். எனக்கு நா உலர்ந்தது. "தெருக்களெல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன, வழி நினைவில்லை" என்றேன். முதற் பொய்யைக் காக்க இரண்டாவது பொய். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பின் அமர்ந்து 170 என்று தட்டினார். ஆறு மாலைகளையும் தாளில் சுற்றி, 1,020 லிராவை வாங்கிக்கொண்டு, "அல்லாஹ் பெரெகெத் வெர்சின்" என்றார். ஆமீன் சொல்ல வேண்டிய இடம். எனக்கு வாய் வரவில்லை.

வெளியே வந்ததும் என் மனைவி கேட்டது ஒன்றே: "நாம அந்தத் தெருப் பக்கமே போகலியே?" அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதேனும் சொல்லி வாதாடியிருப்பேன்.

கடைவீதியின் கிழக்கு வாயிலை அடுத்து நூருஸ்மானிய்யா பள்ளிவாசல் நிற்கிறது. 1755 இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே அஸர் தொழுதோம். தொழுது முடித்து விரல்களில் தஸ்பீஹ் ஓதும்போது, பக்கத்தில் கிடந்த தாள் பொட்டலம் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

பேரம் பேசுவது பிழையன்று. ஓர் ஆடு வாங்கி வருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்த ஒரு தீனாருக்கு உர்வா (ரலி) அவர்கள் இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுடைய வாணிபத்தில் பரக்கத் உண்டாக நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்துக்கு நாயகம் (ஸல்) அவர்களே விலை பேசினார்கள். மதீனா வந்ததும் பேசிய விலையைக் கொடுத்து, ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் உம்மாவும் வாசலில் மீன்காரியிடம் கால் மணி நேரம் வாதாடி விலையைக் குறைப்பார். குறைத்தபின் அவளை உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றிக் கொடுப்பார். அந்த வாதத்தில் கெஞ்சல் இருக்கும், கேலி இருக்கும்; இல்லாத மீன்காரி ஒருத்தி இருந்ததில்லை.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவாக்கினால் அவர்கள் வாணிபத்தில் பரக்கத் உண்டாகும்; மறைத்துப் பொய் சொன்னால் அது துடைக்கப்பட்டுவிடும் என்ற கருத்துடைய நபிமொழியை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஜும்ஆ மேடைகளில் நான் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எடையில் குறைக்கும் கடைக்காரர்களையே மனத்தில் நிறுத்தியிருக்கிறேன். அதில் வாங்குபவரும் சேர்க்கப்பட்டிருப்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பொருளின் குறையை அவர் கேளாமலே சொன்னார். இல்லாத கடையை நான் கேளாமலே சொன்னேன்.

சட்டப்படி வாணிபம் முடிந்துவிட்டது. இருவரும் பிரியும் வரை விலகிக்கொள்ளும் உரிமை உண்டு என்பது ஷாஃபி மத்ஹப். ஈஜாபும் கபூலும் நிறைவேறிவிட்டால் அவ்வுரிமை இல்லை என்பது ஹனஃபி மத்ஹப். எப்படிப் பார்த்தாலும் மணிகள் என்னுடையவை. ஆனால், ஊரில் வீடு வீடாகச் சென்று ஹக்கைப் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தவன், ஹரமிலிருந்து திரும்பும் வழியிலேயே ஒரு புதிய ஹக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டேன். மறுநாள் ஞாயிறு, கடைவீதிக்கு விடுமுறை. அன்றிரவே எங்களுக்கு விமானம்.

"போய்ப் பார்ப்போம்" என்றேன். "வாங்க" என்று அவள் முன்னே நடந்தாள்.

வழி நினைவில்லை என்று சொன்ன பொய் இப்போது மெய்யாயிற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினோம். விளக்குக் கடைகள், கம்பளக் கடைகள், மீண்டும் அதே விளக்குக் கடைகள். ஏழு மணிக்கு வாயில்களை அடைத்துவிடுவார்கள். கடைசியில் என் மனைவிதான் எதிர்க்கடையில் தொங்கிய ஒரு செப்புக் கூஜாவை அடையாளம் கண்டாள். அந்த முதியவரின் கடை சாத்தியிருந்தது.

பக்கத்துக் கடை இளைஞர் சரக்கை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் நன்றாகப் பேசினார். ஒரு மணிக்கு 80 வீதம் ஆறுக்கு 480 லிராவை எண்ணி நீட்டி, அந்தப் பெரியவரிடம் சேர்ப்பிக்கக் கேட்டேன். "எதற்கு இந்தப் பணம்?" என்றார். 'பாக்கி' என்று சொல்லிவிடத் தோன்றியது. சொல்லியிருந்தால் அது மூன்றாவதாகியிருக்கும். மனைவி பக்கத்தில் நின்றாள். "விலையைக் குறைப்பதற்காக அவரிடம் ஒரு பொய் சொன்னேன்" என்றேன். வேற்று நாட்டில், மகன் வயதுள்ள ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை அல்லாஹ்வே அறிவான்.

அவர் கைபேசியை எடுத்துப் பெரியவரை அழைத்தார். இருவரும் பேசிச் சிரித்தனர். பிறகு என்னிடம், "அந்த விலைக்கு இந்தச் சந்தையிலேயே கடை இல்லை என்று அவருக்கு அப்போதே தெரியுமாம்" என்றார். அந்நாட்டில் பிரியும்போது ஒருவருக்கொருவர் சொல்லும் ஒரு சொற்றொடரையும் எனக்குக் கற்றுக்கொடுத்தார். கைபேசியை வாங்கி, "ஹக்கனி ஹெலால் எத்" என்றேன். உன் ஹக்கை எனக்கு ஹலாலாக்கு என்பது பொருள். மறுமுனையிலிருந்து அந்த முதிய குரல், "ஹெலால் ஓல்சுன்" என்றது, ஹலாலாகட்டும். பணத்தை அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. திங்கட்கிழமைக்கு அது தம் சிஃப்தாவாக இருக்கட்டும் என்று சொன்னாராம். மறுத்திருந்தால் அந்தச் சுமை என்னிடமே தங்கியிருக்கும்.

ஊர் திரும்பியபின் மணிகளைப் பகிர்ந்து கொடுத்தோம். என் மச்சான் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார். "250 லிரா. நம் பணத்தில் அறுநூறு ரூபாய்க்கு மேல்" என்றேன்.

"கல்லா?"

"இல்லை. அச்சில் வார்த்தது."

"நன்றாக ஏமாந்து வந்திருக்கிறீர்கள், மச்சான்" என்றார் அவர்.

என் மனைவி உள்ளேயிருந்து தேநீருடன் வந்தாள். நான் மறுமொழி ஏதும் சொல்லவில்லை.