பாபர் எழுதிய பக்கமும் ஸலீம் கித்வாயும்

ஸலீம் கித்வாய் என்ற பெயர் எம்மவர் மத்தியில் அவ்வளவு பரிச்சயமானதல்ல. 1951இல் லக்னோவில் பிறந்தவர். தில்லிப் பல்கலைக்கழகத்தின் ராம்ஜஸ் கல்லூரியில் மத்தியகால வரலாறு கற்பித்தவர். தான் ஆண்களை நேசிப்பவன் என்பதை மறைக்காமல் பேசிய முதல் தலைமுறை இந்தியக் கல்விமான்களுள் ஒருவர்.

இடையில் மேற்படிப்புக்காகக் கனடா போனார். 1977 ஒக்டோபரில் மொன்றியல் நகரில் தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் மதுச்சாலையொன்றைப் பொலிஸார் சுற்றிவளைத்து 140க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தனர். கித்வாயும் அதில் அகப்பட்டார். பிறகு தில்லிக்கே திரும்பி, 1993 வரை வகுப்பெடுத்தார். அன்றைய பாடத்திட்டத்தில் இந்த விடயத்துக்கு இடமேது? கல்லூரியை விட்ட பின்னர், ரூத் வனிதாவுடன் அவர் தொகுத்து 2000இல் வெளியான 'இந்தியாவில் தன்பால் காதல்' என்ற ஆங்கில நூல்தான் அந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுபோனது.

பாரசீக, உருது ஏடுகள் கித்வாயின் பங்கு. அவர் புதிதாக எதையும் கண்டுபிடித்ததாக எனக்குப் படவில்லை. எல்லோரும் புரட்டிவிட்டுப் போன பக்கங்களில் நின்று வாசித்தார், அவ்வளவுதான். பாபரை எடுத்துக்கொள்ளுங்கள். 17 வயதளவில், மணமுடித்த புதிதில், பாபுரி என்ற கடைத்தெருப் பையன்மீது பித்தானதைப் பாபரே தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். எதிரில் வந்தால் நிமிர்ந்து பார்க்கவும் கூச்சமாம். பானிபட்டைப் பல வருடம் கற்பித்த எனக்கு இதை எந்தப் பாடநூலும் சொன்னதில்லை. லாகூர் ஸூபி ஷா ஹுஸைனின் பக்கத்தில் அடங்கியிருக்கும் மாதோ லாலையும் இந்நூலில்தான் சந்தித்தேன்.

ஹலால், ஹராம் பற்றிய தீர்ப்பு ஆலிம்களுடைய வேலை. கித்வாய் பத்வா எழுதவில்லை; இருந்ததை இருந்தபடி சொன்னார். இதையும் தாங்க மாட்டோமென்றால் முகலாயர் பெருமையை மேடைகளில் பேசுவதையும் நாம் நிறுத்திவிட வேண்டும்.

என் பழைய மாணவன் ஒருவன், பள்ளிவாசல்துறைப் பையன், பரிகாசம் பொறுக்காமல் கொழும்புக்குப் போனவன், ஒரு பெருநாள் விடுமுறையில் வந்து கேட்டான்: "எங்கட சரித்திரத்தில என்னப் போல ஆருமே இல்லையா சேர்?" களப்போரம் நடந்தபடி பாபுரியின் கதையைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் வந்தான்.

இந்தியாவில் 2018 செப்டெம்பரில் உயர்நீதிமன்றம், மனமொத்த வயதுவந்தோரின் தன்பாலுறவு குற்றமல்ல என்றது. கித்வாய் அதைக் கண்டுவிட்டே 2021 ஓகஸ்டில் லக்னோவில் காலமானார். இங்கோ 1883இல் ஆங்கிலேயர் தந்த தண்டனைச் சட்டக்கோவை. அதைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் எமது உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாணவன் அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. பாபர் பக்கங்களைப் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு கொழும்பு பஸ் ஏறினான்.