பேரைக் கடன் கேட்கிறார்கள்

போன வாரம் திருவொற்றியூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் பான் கார்டு, ஆதாரோடு உட்கார்ந்திருந்தான். அவன் பெயரில் ஏற்றுமதி இறக்குமதி எண் வாங்குவார்களாம். கையெழுத்துப் போட்டால் மாசம் பத்தாயிரம். சரக்கு யாருடையது என்றேன்.

"தெரியாது மாமா. புரோக்கர் பார்த்துக்குவார்."

"எண்ணுக்கு 500 ரூபாய்தான் கட்டணம், மாப்ளே. அவங்க பேர்லயே வாங்கலாமே?"

வரி குறையட்டும்னு வியட்நாம் மிளகை இலங்கை மிளகுன்னு இறக்கினால், கஸ்டம்ஸ் நோட்டீஸ் இவன் வீட்டுக்குத்தான் வரும். (அந்த மிளகால் நம்ம மலைக்காட்டு விவசாயி பட்ட பாடு தனிக் கதை.) 2017-ல் சட்டத்தைத் திருத்தி, ஒளிஞ்சிருக்கும் நிஜ முதலாளியையும் இறக்குமதியாளராகச் சேர்த்தார்கள். ஆனால் அந்த ஆளைப் பிடிக்கும்வரை காகிதத்தில் இவன் பெயர்தானே?

தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. பான் கார்டை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டாள்.